ஈரக் கையோடு சேனையைத் தொடாதே!

முதலில் அந்தக் குழாயை மூடு. மூடிவிட்டாயா? சரி, இப்போது பேசலாம்.

சேனைக்கிழங்கை வாங்கி வந்ததும் நம் பெண்கள் செய்கிற முதல் காரியம், “ஐயோ, ஒரே மண்ணா இருக்கே” என்று அதைத் தண்ணீரில் போட்டுத் தேய்ப்பதுதான். ஐந்து நிமிஷத்தில் முழங்கை வரை சொறிந்துகொண்டு எனக்குப் போன் வரும். “அக்கா, இந்தச் சனியனை இனி வாங்கவே மாட்டேன்!” சனியன் கிழங்கு இல்லை தங்கச்சி. ஈரக் கை.

யங்கோனில் குடித்தனம் நடத்துகிற உனக்குச் சேனையைப் போல ஒத்தாசை செய்கிற காய் வேறு இல்லை. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாத ஊரில் ஃபிரிட்ஜை நம்பிக் காய் வாங்க முடியுமா? கீரை மறுநாளே வாடும், தக்காளி மூன்றாம் நாள் அழுகும். சேனை, மூலையில் ஒரு சாக்கைப் போட்டு வைத்தால் வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். அவசரக்காரிக்கு ஏற்ற கிழங்குதான். எல்லா வேலையிலும் குறுக்கு வழி சொல்லித் தருகிறேன். வேக்காட்டில் மட்டும் கிடையாது.

கடையில்

1. பெயரைச் சரியாகச் சொல்லிக் கேள். பர்மியக் கடைக்காரியிடம் “வ-ஊ” என்றால் சேனை. “பெய்ன்-ஊ” என்றால் சேம்பு, அதாவது நம் சேப்பங்கிழங்கு வகை. வாய் தவறி இரண்டாவதைச் சொன்னால் மசியல் கனவோடு போய் வழவழ வறுவலோடு திரும்புவாய். (இந்த மொழியில் “ஊ” என்றால் முட்டையும்தான், கிழங்கும்தான். மண் போட்ட முட்டை என்று நினைத்துக்கொள், மறக்காது.)

2. “யா லா?” என்று கேட்காதே. அரிக்குமா என்று கேட்டால் “மயாபு, மயாபு”, அரிக்காது, அரிக்காது என்றுதான் எந்தக் கடைக்காரியும் சொல்வாள். அவள் வேறு என்ன சொல்ல முடியும்? கேட்க வேண்டியது, தோண்டி எத்தனை நாள் ஆச்சு என்று. புதிதாகத் தோண்டிய கிழங்குக்குக் காறல் அதிகம். பத்துப் பதினைந்து நாள் காற்றாடக் கிடந்தது கொஞ்சம் அடங்கியிருக்கும். புதுசுதான் கிடைத்தது என்றால் வாங்கு, ஆனால் இரண்டு வாரம் தொடாதே.

3. கழுவிப் பளபளவென்று வைத்திருப்பதை விட்டுவிட்டு மண் காய்ந்து ஒட்டியிருப்பதை எடு. கழுவியது சீக்கிரம் அழுகும். மேலே குழிந்திருக்கும் முளைக் கண்ணைச் சுற்றிக் கட்டை விரலால் அழுத்திப் பார். அங்கேதான் அழுகல் முதலில் தொடங்கும். விரல் அமுங்கினால் கீழே வைத்துவிட்டு நகரு.

4. உடம்பெல்லாம் குட்டி குட்டியாக முண்டு ஒட்டிய கிழங்கா, மழமழவென்று உருண்ட கிழங்கா? முண்டு உள்ளது பெரும்பாலும் நாட்டு ரகம், காறும். உருண்டையானது அடக்கமானது. ஆந்திராவில் தேர்ந்தெடுத்துப் பரப்பிய கஜேந்திரா என்ற ரகம் இப்படி முண்டில்லாமல், காறலில்லாமல் இருப்பதால்தான் இந்தியாவில் அந்த ஓட்டம் ஓடுகிறது. சதை சிவப்பாக இருந்தால் காறும், வெள்ளையாக இருந்தால் காறாது என்று தெரு முனையில் ஒரு வைத்தியர் சொல்வார். நம்பாதே. நிறம் பொய் சொல்லும்.

5. நாக்கில் வைத்து ருசி பார்க்காதே! சிரிக்காதே, பார்த்தவர்களை எனக்குத் தெரியும்.

6. எடைக் கணக்கில் ஏமாறாதே. பாட்டியின் சமையல் நோட்டில் “சேனை அரை வீசை” என்று எழுதியிருக்கும். அது எந்த வீசை என்று முதலில் பார். ஊர்ப்பக்கத்துப் பழைய வீசை ஏறத்தாழ 1.4 கிலோ. இங்கே பெய்த்தா என்கிற பர்மிய வீசை 1.63 கிலோ. வெள்ளைக்காரன் பர்மா எடைக்கு வைத்த “விஸ்” என்ற பேரே நம் வீசையிலிருந்து போனதுதான். பேர் ஒன்றானாலும் கனம் வேறு. புளியும் உப்பும் பாட்டி அளவில், கிழங்கு இந்த ஊர் அளவில் என்று போட்டால் மசியல் சப்பென்று இருக்கும், அப்புறம் பாட்டியைக் குறை சொல்வாய்.

7. முழுக் கிழங்கைக் கயிற்றில் ஏற்றாதே. நம் தெருக்களில் மாடியிலிருந்து கிளிப் மாட்டிய கயிறு தொங்குமே, பேப்பரும் சாவியும் மேலே ஏறுமே, அது அதற்கு மட்டும்தான். ஒரு நாள் ஐந்து மாடி ஏறச் சோம்பல்பட்டு, இரண்டு வீசைக் கிழங்கைப் பையோடு மாட்டி, மேலே இருந்த மகனை இழுக்கச் சொன்னேன். மூன்றாம் மாடி வரை ஒழுங்காகத்தான் போனது. அப்புறம் கீழே நிறுத்தியிருந்த சைக்கா வண்டியின் கூரையைக் காணோம். அன்றைக்குச் சேனையின் விலை எவ்வளவு என்று என்னிடம் கேட்காதே. கடையிலேயே நாலாக வெட்டி வாங்கு. வெட்டித்தான் தருவார்கள், உள்ளே அழுகல் இருந்தாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

வெட்டும்போது

8. கை காய்ந்திருக்க வேண்டும், கத்தி காய்ந்திருக்க வேண்டும், கிழங்கும் காய்ந்திருக்க வேண்டும். மண்ணைப் பழைய துணியால் தட்டி எடு. உள்ளங்கை, விரலிடுக்கு, மணிக்கட்டு வரை நல்லெண்ணெயோ கடலெண்ணெயோ தடவிக்கொள். கையுறை இருந்தால் இன்னும் நல்லது. மருந்துக்கடையில் விற்கும் மெல்லிசு போதும்.

ஏன் இந்தப் பாடு? கிழங்கின் சதைக்குள் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு ஊசி ஊசியாக, கட்டுக் கட்டாக அடுக்கி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஊசி. கத்தி பட்டதும் கட்டு பிரிந்து வெளியே வரும். ஈரத்தில் ஊறிய தோலில் சுலபமாகக் குத்தும். எண்ணெய்ப் பூச்சு அதற்கு ஒரு திரை. அவ்வளவுதான் விஷயம். கிழங்குக்கு உன்மேல் கோபம் ஒன்றும் இல்லை. மண்ணுக்கடியில் உட்கார்ந்திருக்கிற தன்னைப் பன்றியும் எலியும் தின்னாமல் இருக்க அது செய்துகொண்ட ஏற்பாடு.

9. தோலைச் சிக்கனமாகச் சீவாதே. உருளைக்கிழங்கு மாதிரி மெல்லிசாகச் சீவினால் தோலடியில் இருக்கிற காறல் அப்படியே சட்டிக்கு வரும். அரை விரல்கடை ஆழத்துக்குத் தாராளமாகத் தள்ளு. முளைக் கண் இருக்கிற மேல் பகுதியைத் தனியாக எடுத்து வை. குப்பையில் போடாதே, வேலை இருக்கிறது.

10. துண்டு போட்ட பிறகுதான் தண்ணீர். அரிசி கழுவிய கழுநீரில் ஓர் எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து, துண்டுகளைப் போட்டுப் பதினைந்து நிமிஷம் விடு. பிறகு கையை விட்டு அலசாதே, கரண்டியால் கலக்கி வடித்துக் கொட்டு. புளிப்பு அந்த ஊசிகளை ஓரளவு அடக்கும். நம் அம்மாக்களுக்கு ஆக்சலேட் என்ற வார்த்தை தெரியாது, வைத்தியம் தெரிந்திருந்தது.

11. மீதிக் கிழங்கைப் பிளாஸ்டிக் பையில் கட்டாதே. நம் ஊர் புழுக்கத்தில் இரண்டே நாளில் பூஞ்சை. வெட்டிய முகத்தை மேலே பார்க்க வைத்து, மின்விசிறிக் காற்றில் காயவிடு. தோல் மாதிரி ஒரு படலம் கட்டும். அடுத்த தடவை அந்தப் படலத்தை மட்டும் சீவித் தள்ளிவிட்டு மேலே வெட்டிக்கொள்.

அடுப்பில் (இங்கே அவசரப்பட்டால் என்னிடம் வராதே)

12. இப்போது தலையாய தப்புக்கு வருகிறேன். புளிக்குழம்பு கொதிக்கிறது, நேரமாகிறது, பச்சைத் துண்டுகளை அப்படியே குழம்பில் போட்டுவிடுவது. புளித்தண்ணீரில் எந்தக் கிழங்கும் சீக்கிரம் குழையாது. வெளியே பழுப்பாக, வெந்தது போலத் தெரியும், நடு மட்டும் நறுக்கென்று இருக்கும். அந்த நறுக்குதான் தொண்டையைப் பிடிக்கும். என் வீட்டில் ஒரு தை அமாவாசைக்கு இதுதான் நடந்தது. படையல் போட்டாயிற்று, காக்கைக்கு வைத்தாயிற்று, சம்பந்தி வீட்டார் பந்தியில் உட்கார்ந்தார்கள். முதல் கவளத்தில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவதில் பெரியவர் லேசாகக் கனைத்தார். பிறகு வரிசையாக எல்லோரும் கனைத்தார்கள். மரியாதைக்காரர்கள், கடைசி வரை “பேஷ்” என்றுதான் சொன்னார்கள், கனைத்துக்கொண்டே. காக்கையைப் பற்றி எனக்குத் தகவல் இல்லை.

13. ஆகவே முறை இது. புளித்தண்ணீரில் ஊறியதை வடி. புதுத் தண்ணீர், மஞ்சள் தூள் அரை ஸ்பூன், உப்பு. புளி இப்போது வேண்டாம். நன்றாகக் கொதிக்கவிட்டு, கத்தி நுனி வெண்ணெயில் இறங்குவது போல நடுவரை இறங்கும் வரை வேகவிடு. அந்தத் தண்ணீரை இறுத்துக் கொட்டிவிடு. “சத்து போய்விடுமே” என்று அதையே ரசத்துக்கு ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். போகட்டும் அந்தச் சத்து. ஊசி தவிர, தண்ணீரில் கரைகிற ஆக்சலேட்டும் கொஞ்சம் இருக்கிறது, அதுவும் தண்ணீரோடு போகும்.

14. குக்கர்க்காரிகளுக்கு: வறுவலுக்குத் துண்டு என்றால் இரண்டு விசில், மசியலுக்கு என்றால் நாலு. கரண்ட் போய்விட்டால் பாதி வெந்த கிழங்கை எலெக்ட்ரிக் குக்கரில் அப்படியே ஊறவிட்டு, வந்ததும் தொடரலாம் என்று வைக்காதே. இறக்கி, வடித்து, கரி அடுப்பில் முடி. யங்கோனில் கரி அடுப்பு இல்லாத சமையலறை, குடையில்லாமல் ஆனி மாதம் வெளியே போகிற மாதிரி.

15. வெந்ததா என்று வாயில் போட்டுப் பார்க்காதே. இரண்டு துண்டு எடுத்துக் கரண்டியின் முதுகால் நசுக்கு. மாவாக உடைய வேண்டும். ஓரம் உடைந்து நடு நின்றால் இன்னும் ஒரு விசில்.

வாரத்துக்கு ஒரு தடவை வேலை, மூன்று தடவை சாப்பாடு

16. ஞாயிற்றுக்கிழமை ஒரே தடவையாக முக்கால் வீசைக் கிழங்கை வேகவைத்து வடித்துவிடு. அன்றைக்கு ஒரு பங்கு வறுவல்: மிளகாய்த்தூள், சோம்பு, பூண்டு அரைத்துப் பிசிறி, அகலமான வாணலியில் கடலெண்ணெய் விட்டுக் கிளறாமல் திருப்பித் திருப்பிப் போடு. ஆப்பை வைத்துக் கிளறினால் பொடிமாஸாகும். அப்படி ஆகிவிட்டால் பதறாதே, தேங்காய்த் துருவலைப் போட்டுப் பொடிமாஸ் என்றே பேர் வை. யாருக்குத் தெரியப் போகிறது?

17. இரண்டாவது பங்கு திங்கள் காலைக்கு. உப்பும் மிளகாய்த்தூளும் தடவி, மூடாமல் காற்றாட வை, ராத்திரி தாங்கும். காலையில் தோசைக்கல்லில் மீன் துண்டு பொரிக்கிற மாதிரிப் போடு. புரட்டாசி சனிக்கிழமையில் மீன் நினைப்பில் ஏங்குகிற கணவன்மாருக்கு இதுதான் மருந்து.

18. மூன்றாவது பங்குக்கு இந்த ஊர் தந்த வரத்தைப் பயன்படுத்து. “சின்பௌங்”, நம் புளிச்சக்கீரை, எந்தத் தெருச் சந்தையிலும் குவிந்து கிடக்கும். வெங்காயம், பச்சை மிளகாய், பூண்டு வதக்கி, ஒரு கட்டுக் கீரையைப் போட்டால் தானாகக் கரையும். வெந்த சேனையை மசித்து அதில் சேர். தனியாகப் புளி கரைக்கிற வேலை மிச்சம். அசைவம் என்றால் காய்ந்த இறால் ஒரு கைப்பிடி பொடித்துப் போடு. ஊரிலிருந்து வந்த என் சித்தி மகள் முதலில் முகத்தைச் சுளித்தாள், அப்புறம் சட்டியை வழித்தாள். அவர்கள் குடும்பம் 1964-க்குப் பிறகு கப்பலேறிச் சென்னைக்குப் போனது. அங்கே அத்தோவும் மொஹிங்காவும் கிடைக்கிறதாம், இது கிடைக்கவில்லையாம்.

அரித்துவிட்டதா?

19. கையில் அரித்தால் சொறியாதே, சொறிந்த கையால் கண்ணைத் தொடவே தொடாதே. புளிக்கரைசலோ எலுமிச்சைச் சாறோ தடவி, பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, எண்ணெய் பூசு. புண் இருந்தால் எலுமிச்சை வேண்டாம், நட்சத்திரம் தெரியும்.

20. தொண்டையில் காறினால் துப்பிவிட்டு வாயைக் கொப்பளி. குளிர்ந்த பாலோ தயிரோ மெதுவாகக் குடி. பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் அடங்கும். ஆனால் நாக்கோ உதடோ தடித்தால், எச்சில் விழுங்க முடியாவிட்டால், மூச்சு இழுத்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு உட்காராதே, டாக்ஸியைக் கூப்பிடு. சின்னப் பிள்ளை என்றால் யோசிக்கவே வேண்டாம்.

21. பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இன்னொன்று. சேனைக்குப் பெரிய சொந்தக்காரக் கும்பல் உண்டு. சேம்பு, ஜாடியில் வைக்கிற டைஃபன்பாக்கியா, கேலாடியம், ஏன், உன் ஃபிரிட்ஜ் மேலே பாட்டிலில் தொங்குகிற மணி பிளான்ட் கூட ஒரே குடும்பம். எல்லாவற்றிலும் அதே ஊசி. தவழுகிற குழந்தை கைக்கு எட்டும் உயரத்தில் அவற்றை வைக்காதே. சேனையையும் சேம்பையுமாவது வேகவைத்துத் தின்கிறோம், மற்றவற்றுக்கு அந்த மரியாதையும் கிடையாது.

22. சிறுநீரகக் கல் வந்தவர்கள், அதுவும் ஆக்சலேட் கல் என்று டாக்டர் சொன்னவர்கள், அவரைக் கேட்காமல் தட்டில் வைக்காதீர்கள். மற்றவர்களும் தயிரோடு சாப்பிடுவது நல்லது. தயிரின் கால்சியம் ஆக்சலேட்டை வயிற்றிலேயே பிடித்துக்கொள்ளும். சர்க்கரைக்காரர்கள் சேனையைக் காய்க் கணக்கில் சேர்க்காமல் சோற்றுக் கணக்கில் சேர்க்க வேண்டும். “மூலத்துக்கு நல்லது” என்று கருணை லேகியம் விற்பார்கள். வைத்தியர் பார்த்துத் தந்தால் சாப்பிடு, பக்கத்து வீட்டுக்காரி தந்தால் சாப்பிடாதே.

அந்தக் கண்ணை எங்கே வைத்தாய்?

23. ஒன்பதாவது டிப்ஸில் எடுத்து வைக்கச் சொன்ன முளைத் துண்டு, ஞாபகம் இருக்கிறதா? அரைக் கிலோ சதையாவது ஒட்டியிருந்தால் உனக்கு ஒரு செடி. சாம்பலில் புரட்டி நிழலில் காயவை. சித்திரைக் கடைசியில், மழை தொடங்குவதற்கு முன், ஓட்டை போட்ட அரிசிச் சாக்கில் பாதி வரை மண்ணும் மக்கிய சாணமும் நிரப்பிக் கண் மேலே பார்க்கப் புதை.

வெயில் வராத பால்கனி என்று சாக்குச் சொல்லாதே. சேனையின் பரம்பரை காட்டு மரத்தடியில் வளர்ந்த பரம்பரை. அரை நிழல் அதற்குப் பிறந்த வீடு. நம் ஒடுக்கத் தெருவில் நாலு மணி நேர வெளிச்சம் விழுந்தால் போதும்.

24. இந்தச் செடிக்கு யங்கோனில் ஒரே எதிரி தண்ணீர். ஆண்டுக்கு 2,700 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டுகிற ஊர் இது. சென்னையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு, அதுவும் பெரும்பகுதி வைகாசிக்கும் ஐப்பசிக்கும் நடுவில். சாக்கின் அடியில் தண்ணீர் தேங்கினால் தண்டின் கழுத்து அழுகி ஒரே ராத்திரியில் சாயும். செங்கல் வைத்து உயர்த்து. ஆவணி வரை நீயாகத் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதே. நனைந்த சாக்கு ஓர் ஆள் கனம் இருக்கும், பழைய கட்டிடத்துப் பால்கனியின் நுனியில் வைக்காமல் சுவரோரமாக வை.

25. முளைத்து வருவது ஒரே ஒரு இலைதான், பயப்படாதே. பாம்புத் தோல் மாதிரிப் புள்ளி போட்ட தண்டு, மேலே கிழிந்த குடை. எதிர் வீட்டு பர்மியப் பாட்டி முதல் நாள் அந்தத் தண்டைப் பார்த்துக் கத்திவிட்டார். இலை ஒன்றுதானே என்று தழைச்சத்து உரத்தை அள்ளிப் போடாதே, குடை பெரிசாகும், கிழங்கு சின்னதாகும்.

26. பூ வந்தால்? இதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் மூன்று நாள் பட்டிருக்கிறேன்.

நடாமல் மறந்துபோன ஒரு பெரிய கிழங்கு படிக்கட்டுக்குக் கீழே சாக்கில் கிடந்தது. திஞ்சான் புத்தாண்டு விடுமுறை. தெருவெல்லாம் தண்ணீர் வீச்சு, ஜன்னலை இழுத்து மூடியிருந்தோம். ராத்திரி ஒரு நாற்றம். எலி செத்துவிட்டது என்றார் இவர். அலமாரியை நகர்த்தினோம், அரிசித் தொட்டியைக் கவிழ்த்தோம், மரத்தரையில் இரண்டு பலகையைப் பெயர்த்தோம். எலியும் இல்லை, வாலும் இல்லை. காலையில் துடைப்பம் எடுக்கப் போனவள் பார்க்கிறேன்: சாக்கைக் கிழித்துக்கொண்டு தரையோடு தரையாக ஒரு பூ. ரத்தம் உறைந்த நிறத்தில் அகலமான பாவாடை, நடுவில் சுருங்கிப்போன பெரிய கத்தரிக்காய் மாதிரி ஒரு முண்டு. அதைச் சுற்றிச் சின்னச் சின்னக் கறுப்பு வண்டுகள், கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி.

வண்டைக் கூப்பிடத்தான் அந்த நாற்றம். செத்த மாமிசம் என்று நினைத்து வண்டு வரும். முதலில் பெண் பூக்கள் தயாராகும், அப்புறம்தான் ஆண் பூக்கள் மகரந்தம் விடும், தன் மகரந்தம் தன்மேலேயே விழாமலிருக்க இந்த வரிசை. நடு முண்டு சூடேறி நாற்றத்தை இன்னும் தூரத்துக்கு அனுப்பும். இதன் பெரிய அக்காள் ஒருத்தி சுமத்ராக் காட்டில் இருக்கிறாள், ஆள் உயரத்தைத் தாண்டிப் பூப்பாள். 1878-இல் பெக்காரி என்ற இத்தாலியர் பார்த்து எழுதினார். 1889-இல் லண்டன் கியூ தோட்டத்தில் அது பூத்தது. இன்றைக்கும் உலகத்தில் எங்கே பூத்தாலும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். நம் வீட்டில் பூத்தால் வரிசை வராது, வீட்டுக்காரர்தான் வருவார்.

ஆகவே: பங்குனியில் கிழங்கின் கண்ணிலிருந்து தடித்த, கூம்பிய மொக்கு வந்தால் விரியும் முன்னே நறுக்கிவிடு. நாற்றமும் மிச்சம், கிழங்கின் பலமும் மிச்சம். விரிந்துவிட்டது என்றால் சாக்கோடு மொட்டை மாடிக்கு ஏற்று. இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும்.

மலை வ-ஊ வேறு, உன் குழம்புச் சேனை வேறு

27. சின் மாநிலத்து மலைகளில், மிண்டாட், கன்பெட்லெட் பக்கம், வ-ஊ என்ற அதே பேரில் இதன் காட்டுத் தங்கச்சிகளை வளர்க்கிறார்கள். சீவிக் காயவைத்துச் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் போகிறது. ஜப்பான்காரர்கள் அதை மாவாக்கி, சுண்ணாம்பு சேர்த்து இறுகவைத்து, “கொன்யாக்கு” என்ற வழவழப்பான கட்டியாகவும் நூடுல்ஸாகவும் தின்கிறார்கள். மலையிலிருந்து யாராவது அன்பாகப் பச்சைக் கிழங்கு கொண்டுவந்து தந்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள், குழம்பில் போடாதே. அதன் காறல் நம் புளிக்கெல்லாம் அடங்காது.

28. அந்த மாவில் செய்த சின்னக் கப் ஜெல்லியைக் குழந்தைக்கு உறிஞ்சக் கொடுக்காதே. வாயில் கரையாது, வழுக்கி நேராகத் தொண்டையில் போய் அடைக்கும். பல நாடுகளில் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். 2001-இல் அமெரிக்க அரசே எச்சரிக்கை விட்டது. அட்டையில் “கொன்ஜாக்” என்று இருந்தால் கத்தியால் பொடியாக நறுக்கி ஸ்பூனில் கொடு, மூன்று நாலு வயசுப் பிள்ளைக்கு அதுவும் வேண்டாம். உடம்பு இளைக்க என்று அதன் மாவை விழுங்குகிற அக்காமார்களே, பெரிய டம்ளர் தண்ணீர் இல்லாமல் விழுங்காதீர்கள், அது உள்ளே போய் ஊதும்.

தோண்டுவது

29. இலை மஞ்சளாகித் தானே சாயும். மார்கழி வாக்கில் நடக்கும். “செடி செத்துப் போச்சு” என்று சாக்கைக் கவிழ்த்துவிடாதே, கிழங்கு அப்போதுதான் முற்றியிருக்கும். இன்னும் பத்து நாள் விடு. பொங்கல் படையலில் கிழங்கு வரிசைக்குச் சரியாக வந்து நிற்கும். அனோரதா சாலைக் காளி கோயில் பக்கம் அந்த வாரம் சேனை என்ன விலை விற்கிறது என்று பார், உன் சாக்கின் அருமை தெரியும்.

மண்வெட்டி போடாதே, சாக்கைப் பக்கவாட்டில் கிழி. கிழங்கில் கீறல் விழுந்தால் அங்கிருந்து அழுகும். படையலுக்கு வைக்கும்போது பளிச்சென்று இருக்கட்டும் என்று குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதே. மஞ்சளும் குங்குமமும் காய்ந்த மண்ணின் மேலேயே நன்றாக ஒட்டும்.